பேரில்லாத துண்டுகளை வாசித்த ஜசிந்தா அக்கா

உட்துறைமுக வீதியில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அந்தக் கந்தோருக்கு ஜசிந்தா அக்கா வேலைக்கு வந்து நாலு வருடம். ஒன்பது பேர் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து மென்பொருள் எழுதுகிற இடம். கூட்டித் துடைப்பதும், காலை பத்துக்கும் பின்னேரம் நாலுக்கும் தேத்தண்ணி போடுவதும் அக்காவின் வேலை. அவருடைய படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அந்த வருடம் குடும்பம் சண்டையில் இடம்பெயர்ந்து முகாமுக்குப் போனது. திரும்பி வந்தபோது அவருடைய கைகளுக்கு வேறு வேலைகள் காத்திருந்தன. அதைச் சொல்லி அவர் குறைப்பட்டதை ஒருவரும் கேட்டதில்லை. செபப் புத்தகத்தை வாசித்து வாசித்தே தமிழ் வாசிப்பைத் திருத்திக்கொண்டவர். அவசரமில்லாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசிப்பார்.

அந்த வாசிப்பால்தான் அவருக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ஒன்பது பேரும் பெரிய மேசையைச் சுற்றி இருப்பார்கள். போன இரண்டு கிழமையில் என்ன நல்லாய் நடந்தது, என்ன பிழைத்தது, யாருக்கு என்ன மனக்குறை என்று துண்டுக் கடதாசியில் எழுதி, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போடுவார்கள். துண்டில் பெயர் எழுதக் கூடாது. பெயர் போட்டால் ஒருவரும் உண்மை எழுதமாட்டார்கள் என்பது அந்தக் கூட்டத்தை நடத்துகிற கலீலுர் றஹ்மான் சேரின் எண்ணம். முதலில் அவரேதான் வாசித்தார். ஆனால் வாசிக்கும்போது அவருடைய கண் தானாக ஒரு முகத்துக்குப் போய்விடும். அந்த முகமும் சிவந்துவிடும். பிறகு கொம்பியூட்டரிலேயே பெயரில்லாமல் எழுதிப் பார்த்தார்கள். ஒன்பதே ஒன்பது பேர்; இன்னார் இப்படித்தான் கதைப்பார் என்று மற்ற எட்டுப் பேருக்கும் தெரியும். அதுவும் சரிவரவில்லை.

அப்போது நதீஷா என்கிற வாயாடிப் பிள்ளைதான், ஜசிந்தா அக்காவை வாசிக்கச் சொல்லுங்கோ சேர், அவவுக்கு எங்கட வேலையும் விளங்காது, எழுத்தும் தெரியாது என்றாள். எழுத்து என்று அவள் சொன்னது கையெழுத்தை. அக்கா அதற்கும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

மூன்று மணி என்பது ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம். டின்னைத் திறப்பதற்கு முன் அக்கா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொள்வார். ஜும்மா முடித்து வந்த றஹ்மான் சேரும் மற்றவர்களும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து வாசிப்பார். வாசித்து முடிந்ததும் எல்லாத் துண்டையும் கிழித்துக் குப்பைக்குள் போடவேண்டும் என்பது கட்டளை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அக்காவின் பங்குக் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு நவநாள் செபம் நடக்கும். சனங்கள் தங்கள் மன்றாட்டுகளைப் பெயரில்லாமல் எழுதிப் பெட்டிக்குள் போடுவார்கள். அந்த மன்றாட்டுகளைப் பீடத்துக்கு முன் நின்று வாசிக்கிறவர் ஜசிந்தா அக்காதான், ஏழு வருடமாக. சனங்கள் எழுதுகிற மாதிரியே கோயிலில் வாசிக்க ஏலாது. ‘என்ர மனுசன் குடிச்சுப்போட்டு வந்து கிடக்கிறான், அவனைக் கொண்டுபோம் அந்தோனியாரே’ என்று எழுதியிருப்பார்கள். அக்கா, ‘ஒரு குடும்பத்தின் சமாதானத்திற்காக மன்றாடுவோம்’ என்று வாசிப்பார். ‘அடுத்த வீட்டுக்காரி செய்த சூனியம் அவளுக்கே திரும்பட்டும்’ என்பது, ‘அயலவர்கள் ஒற்றுமையாய் வாழ’ ஆகிவிடும். சுவாமியாரே அதை மெச்சியிருக்கிறார்.

ஆகவே கந்தோர் டின்னுக்குள் இருந்து, ‘சேர் கூட்டம் வைச்சு வைச்சே எங்கட உயிரை எடுக்கிறார்’ என்று வந்தபோது, அக்காவின் வாய் யோசிக்காமலே, ‘கூட்டங்களைக் கொஞ்சம் சுருக்கினால் நல்லம்’ என்று வாசித்தது. ‘நதீஷா ஒரு நிமிசம் வாயை மூடினால் கோடி புண்ணியம்’ என்பது, ‘அமைதியாய் இருந்து வேலை செய்ய ஆசை’ என்று ஆனது. அது பொய் என்று அக்கா ஒருநாளும் நினைத்ததில்லை. நல்ல பிள்ளைகள், கோபத்தில் எழுதினது, ஏன் அப்படியே வாசித்து நோகப்பண்ணவேண்டும் என்றுதான் நினைத்தார்.

நாலைந்து கூட்டத்துக்குள் ஒன்பது பேருடைய கையெழுத்தும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. வெளியில் சொல்லவில்லை. ஆனால் மிகவும் கோபமான துண்டைக் கிழிக்க மனம் வராது. செபப் புத்தகத்துக்குள் வைத்து, எழுதின ஆளுக்காக ஒன்பது நாள் மன்றாடிவிட்டு, பத்தாம் நாள்தான் கிழிப்பார். கட்டளையை மீறுகிறோம் என்று தெரியும். கடவுளுக்கும் தெரியும்தானே என்று விட்டுவிட்டார்.

அந்தப் பிள்ளைகளில் டிலக்ஷனில் அக்காவுக்குத் தனி வாரப்பாடு, தாய்ப்பாசம் மாதிரி. காஸ் சிலிண்டரை மேல்மாடிக்குத் தூக்கித் தருகிறவன் அவன்தான். ஒருநாள் அவன் தன் திரையைக் காட்டினான். எழுதின ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயரும் திகதியும் கிடந்தன. யார் எந்த வரியை எழுதினது, எப்போது மாற்றினது எல்லாம் அழியாமல் நிற்கும் என்றான். அக்காவுக்கு அது கோயில் மின்விசிறிகளை நினைப்பூட்டியது. விசிறி ஒவ்வொன்றிலும் வாங்கித் தந்தவரின் பெயர் சிவப்பு மையில் எழுதியிருக்கும். மன்றாட்டுப் பெட்டிக்குள் போடுகிற துண்டில்தான் பெயர் இருக்காது. இஞ்சயும் அப்பிடித்தான் போல, என்று அவனிடம் சொன்னார். அவன் கனநேரம் சிரித்தான்.

லக்சனா அங்கே வந்து ஐந்து மாதம். தம்பலகாமத்தில் இருந்து பஸ்ஸில் வருகிற மெலிந்த பிள்ளை. மற்றவர்கள் செய்து முடித்ததைத் தட்டிப் பார்த்துப் பிழை பிடிக்கிறது அவளுடைய வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்தவன் டிலக்ஷன். வயல் செய்கிற தகப்பன், தங்கச்சி இரண்டு பேர். அந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்த மாதச் சம்பளம் அவளுடையது. அதை அவள் அக்காவிடம் குசினியில் வைத்துச் சொன்னபோது, சொல்லிக்கொண்டே கோப்பைகளையும் கழுவித் தந்தாள்.

கந்தளாயில் ஒரு தனியார் கிளினிக்குக்காக அப்போது வேலை நடந்தது. நோயாளர் வீட்டில் இருந்தே போனில் வைத்தியரைப் பார்க்க நம்பர் எடுக்கலாம். அந்தப் பகுதியை எழுதினவன் டிலக்ஷன். அந்த வசதியைத் திறக்கிறதற்கு முந்தின வெள்ளிக்கிழமை டின்னுக்குள் இருந்து வந்த ஒரு துண்டை எடுத்ததும், எழுத்து லக்சனாவுடையது என்று அக்காவுக்குத் தெரிந்தது. அதில் இப்படி இருந்தது:

‘ஒரு போனில் ரெண்டு பேருக்கு நம்பர் எடுத்தால் முதல் ஆள் அழிந்து போகிறார். இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான் எண்டு எழுதினவருக்குத் தெரியாதா? மண்டைக்குள் களிமண்ணா? இதைத் திருத்தாமல் திறந்தால் வயது போன சனம் வெயிலுக்குள் வந்து திரும்பிப் போகும். திறக்கவே கூடாது.’

மண்டைக்குள் களிமண்ணா என்பதில் அக்காவின் கண் நின்றுவிட்டது. எதிரில் டிலக்ஷன் பேனையை உருட்டிக்கொண்டு இருந்தான். சிலிண்டர் தூக்குகிற பிள்ளை. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘ஒரு போனில் ரெண்டு பேருக்கு நம்பர் எடுக்கிறதையும் நேரம் கிடைத்தால் ஒருக்கால் பார்த்தால் நல்லம்’ என்று வாசித்தார்.

பிறகு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த துண்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் போனில் நம்பர் எடுக்கிற வசதி திறந்தது. பதினொரு மணிக்குள் கந்தளாயில் இருந்து போன் வரத் தொடங்கியது. பதினேழு பேருடைய நம்பர் காணாமல் போயிருந்தது. எல்லாரும் மனுசன் மனுசி, தாய் பிள்ளை என்று ஒரே போனில் எடுத்தவர்கள். நெஞ்சு வருத்தத்துக்கு வந்த ஒரு கிழவர், மனுசிக்கு நம்பர் இருக்க, தன் நம்பர் இல்லாமல் பின்னேரம் வரை மர வாங்கில் குந்தியிருந்துவிட்டுத் திரும்பிப் போனாராம். அதை றஹ்மான் சேர் எல்லாருக்கும் சொன்னபோது அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார்.

ஒருத்தருக்கும் இது முதலே தெரியாதா என்று சேர் கேட்டார். பிழை பிடிக்கிற ஆள் எதற்கு இருக்கிறது என்றும் கேட்டார். லக்சனா தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். மாதக் கடைசியில் அவளுடைய ஆறு மாதம் முடிகிறது; இந்தமுறை இரண்டு கிழமை பொறுக்காமல் இந்த வெள்ளியே கூட்டம், அதற்குப் பிறகு அதைப் பற்றி முடிவெடுக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அக்கா செபப் புத்தகத்தைத் திறந்தார். துண்டு அங்கேயே இருந்தது. மன்றாட்டின் நாலாம் நாள். புருசன் றொபேட் படகு இயந்திரம் திருத்துகிறவர். கையில் கிறீஸைத் துடைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

“நீர் கோயில் வாசிப்பை அங்கயும் வாசிச்சிருக்கிறீர்,” என்றார் பிறகு.

“நோகப்படாது எண்டுதானே.”

“கோயில்ல கேக்கிறது கடவுள். நீர் எப்பிடி வாசிச்சாலும் துண்டில என்ன கிடக்கெண்டு அவருக்குத் தெரியும். இவையளுக்கு உம்மட வாய் மட்டும்தானே இருக்கு, ஜசி.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை குசினியில் லக்சனா தண்ணீர் குடிக்க வந்தாள். அக்கா கதவைச் சாத்தினார். துண்டைக் கிழிக்காமல் வைத்திருப்பதையும், எழுத்தை அடையாளம் கண்டதையும், வாசித்த விதத்தையும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் கூட அவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

“எனக்குத் தெரியும் அக்கா,” என்றாள் லக்சனா. “நான் அங்கதானே இருந்தனான். நீங்கள் மாத்தி வாசிக்கேக்க கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்.”

“பிறகேன் பிள்ளை வாய் திறக்கேல்ல?”

“திறந்தா அது என்ர துண்டெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே.”

அவள் முதலில் டிலக்ஷனிடம் வாயால்தான் சொல்லியிருக்கிறாள். திறந்த பிறகு பார்ப்போம் என்று அவன் சொல்லியிருக்கிறான். பிழைகளைப் பதிகிற இடத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால் அவளுடைய பெயரும் வரும், வரிக்குச் சொந்தக்காரன் என்று டிலக்ஷனுடைய பெயரும் வரும். வேலை எடுத்துத் தந்தவரைக் காட்டிக்கொடுத்த மாதிரிப் போய்விடுமே என்றுதான் டின்னுக்குள் போட்டாளாம். துண்டைச் சேரிடம் காட்டட்டோ என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். களிமண் எண்டு எழுதினது நான்தானெண்டு தெரிஞ்சா டிலக்ஷன் அண்ணாட முகத்தை எப்பிடிப் பாக்கிறது என்றாள்.

அக்கா சத்தியம் பண்ணிக்கொடுத்தார். பிறகு இரண்டு நாளும் அந்தச் சத்தியத்தோடு மல்லுக்கட்டினார். பிள்ளையின் பெயரைச் சொல்ல ஏலாது. சொல்லாமல் விட்டால் பிள்ளையின் வேலை போகும். வியாழக்கிழமை விடிய, செபம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று விளங்கியது: தன்னுடைய பெயரைச் சொல்ல ஒருவரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா சிலுவை போட்டார். டின்னைத் திறக்கவில்லை. சட்டைப் பைக்குள் இருந்து ஒரு கொப்பித்தாளை எடுத்தார்.

“சேர், இண்டைக்கு முதல் துண்டு என்ர. பேர் போட்டிருக்கிறன். வாசிக்கட்டா?”

றஹ்மான் சேர் தலையாட்டினார். அக்கா வாசித்தார்: போன தடவை பிழையைச் சொல்லி ஒரு துண்டு வந்தது. அதை நான் உள்ளபடி வாசிக்கவில்லை. சனம் நோகும் என்று மெதுவாக்கி வாசித்தேன். கிழிக்கவேண்டியதைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். அதில் இருந்ததை ஒரு எழுத்தும் விடாமல் என் கையால் பார்த்து எழுதியிருக்கிறேன். மூலத் துண்டை இன்று காலை கிழித்துவிட்டேன், ஆர் எழுதினது எண்டு என்னட்டைக் கேக்கவேண்டாம். பதினேழு பேர் திரும்பிப் போனது என்னால். இப்படிக்கு, மரிய ஜசிந்தா றொபேட்.

பிறகு லக்சனாவின் சொற்களை வாசித்தார். களிமண்ணையும் வாசித்தார். அந்தச் சொல்லையும் விழுங்கவில்லை.

கொப்பித்தாளை மடித்து மேசையில் வைத்தார். தன்னுடைய வேலையும் இன்றோடு முடிந்தது என்று அக்கா நினைத்தார்.

முதலில் கதைத்தது நதீஷா. “அப்ப என்ர துண்டையும் மாத்தித்தான் வாசிச்சனீங்களோ, அக்கா? நான் கூலர் வேணுமெண்டு சண்டை பிடிச்சு எழுதினது, ‘காற்றோட்டம் நல்லது’ எண்டு வந்தது. எனக்கு மட்டும்தான் அப்பிடி எண்டு நினைச்சன்.”

மூலையில் இருந்த ஒருவன், தன்னுடையதும் அப்படித்தான் என்றான். மற்றவனும் சொன்னான். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத்தான் விசயம் வெளித்தது: ஒன்பது பேரும் தங்கள் தங்கள் துண்டு வேறாக வாசிக்கப்படுவதை இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முறையிட்டால் துண்டு தன்னுடையது என்று தெரிந்துவிடும் என்று ஒவ்வொருவரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். றஹ்மான் சேர் கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நானும் ஒண்டு போட்டனான்,” என்றார். “காலமை ஒருத்தரும் நேரத்துக்கு வாறதில்லை, வெக்கமில்லையா எண்டு எழுதினனான். அக்கா வாசிச்சா, ‘காலை நேரம் எவ்வளவு இனிமையானது’ எண்டு.”

அதற்குமேல் ஒருவராலும் அடக்க முடியவில்லை. நதீஷா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அக்கா மட்டும் அழுதுகொண்டு நின்றார்.

அந்தச் சிரிப்பு ஓய்ந்தபோது லக்சனா எழும்பி நின்றாள். “அந்தத் துண்டு என்ர, சேர். களிமண் எண்டு எழுதினதும் நான்தான்.” டிலக்ஷன் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“எனக்கு வாயால சொன்னவ, சேர்,” என்றான் டிலக்ஷன். “நான்தான் பிறகு பாப்பம் எண்டனான். அந்த வரிக்குப் பக்கத்தில என்ர பேர் எப்பவோ கிடக்கு, ஒளிக்க ஒண்டுமில்லை.” பிறகு லக்சனாவைப் பார்த்து, “களிமண் காணாது, கொஞ்சம் வைக்கலும் சேர்த்து எழுதியிருக்கலாம்,” என்றான். அவள் அழுகையும் சிரிப்புமாய் இருந்துவிட்டாள்.

றஹ்மான் சேர் அன்றைக்கே லக்சனாவை நிரந்தரமாக்கினார். ஆனால் சும்மா விடவில்லை. வேலையில் காண்கிற பிழையைப் பெயர் போட்டுப் பதியவேண்டும், டின்னுக்குள் போட்டு ஒளிக்கக் கூடாது, அப்படிப் பதிகிறது காட்டிக்கொடுக்கிறது இல்லை, பதினேழு பேரைக் காப்பாற்றுகிறது என்று எல்லாருக்கும் முன்னால் அவளுக்குச் சொன்னார். மனக்குறைகள் பழையபடி டின்னுக்குள் போகலாம். விரும்பினவர் பெயர் போடலாம், விரும்பாதவர் விடலாம். அடுத்த சனிக்கிழமை டிலக்ஷனும் லக்சனாவும் கந்தளாய்க்குப் போய் அந்தக் கிழவரை வீட்டில் பார்த்து மன்னிப்புக் கேட்டார்கள். கிழவர் இளநீர் வெட்டிக் கொடுத்து, அடுத்த தடவை இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நம்பராய்ப் பார்த்துத் தரச் சொன்னாராம்.

வாசிக்கிற வேலைக்கு வேறு ஆளைப் போடுங்கோ என்று அக்கா கேட்டுப் பார்த்தார். ஒன்பது பேரும் ஏலாது என்றார்கள். துண்டில் இருக்கிறபடியே வாசிப்பது, வாசித்ததும் அந்த இடத்திலேயே கிழிப்பது என்று அக்கா வாக்குக் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் டின்னுக்குள் முதலில் வந்த துண்டில் பெயர் இல்லை. அக்கா விரித்தார். நீண்ட நேரம் பார்த்தார். மேசையைச் சுற்றி எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு, கோயில் வாசிப்புக் குரலில், ஒரு சொல்லையும் மெதுவாக்காமல் வாசித்தார்:

“ரெண்டு வருசமா இந்தக் கந்தோர்த் தேத்தண்ணி கோப்பை கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு. ஆரும் சொல்லப் பயப்பிடினம்.”

எட்டுப் பேர் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் யன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தார். யாருடைய எழுத்து என்று அக்காவுக்கு நல்லாய்த் தெரியும். கேட்கவும் இல்லை, அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. துண்டை நாலாய்க் கிழித்துக் குப்பைக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

திங்கட்கிழமையில் இருந்து தேயிலை ஒரு கரண்டி கூடுதலாய் விழுந்தது. அந்த ஆளுக்காகவும் ஒன்பது நாள் மன்றாடினார். துண்டு கையில் இல்லாமலே.